தென்புலத்தில் நின்ற ஆள்

அங்கம்மா தாலியைக் கழற்றவும் இல்லை, மஞ்சள் பூசிக் குளிக்கவும் இல்லை. பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசையின் கடைசி வீட்டில், அவள் பாதி சுமங்கலியாகவே இருந்தாள். அவள் புருஷன் காளியப்பன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன். முதல் தீபாவளிக்கு வந்தான்; பிறகு வரவே இல்லை. செத்துவிட்டான் என்றார்கள் சிலர். வேறொருத்தியோடு இருக்கிறான் என்றார்கள் வாய்க்கொழுப்பு எடுத்தவர்கள். எதற்கும் சாட்சி இல்லை. திதி கொடுத்துவிடு என்று நாங்கள் சொன்னால், "உசுரோட இருந்தா? நானே அவரக் கொல்லவா?" என்று சீறுவாள். கொடுக்காமலும் அவளுக்கு நிம்மதி இல்லை. செத்திருந்தால் பசியோடு அலைவானே என்ற பயம் அவளைத் தின்றது. எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருடங்கள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துத் துரையின் உறவுக்காரர் ஒருவர் வந்தார். பூமியின் தெற்கு முனைக்குப் போய் ஐஸை அளந்துவிட்டுத் திரும்பும் விஞ்ஞானி. கூடவே ஓர் ஓவியர், அங்கே கண்டதையெல்லாம் வரைந்தவர். அளப்பவரும் வரைபவரும் மட்டும் போதாது, ஊருக்கு ஊர் எடுத்துச் சொல்ல ஒரு வாத்தியாரும் சேர்ந்தால்தான் ஆராய்ச்சி ஜனங்களுக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் கொள்கை. நல்ல கொள்கைதான். எங்கள் ஊரில் அந்த மூன்றாவது ஆளாக அகப்பட்டவர் தோட்டப் பள்ளி ஜெயபாலன் வாத்தியார்.

ரப்பர் ஸ்டோர் சன்னல்களில் கோணி கட்டிப் பகலை இருட்டாக்கி, ஒரு வெள்ளை வேட்டியின் மேல் விளக்குப் படம் காட்டினார்கள். வாத்தியாருக்குத் தமிழ் கொஞ்சம் அதிகம். அதுதான் வினையாகிப் போனது. தெற்குத் துருவம் என்றால், துருவ நட்சத்திரம் வடக்கே அல்லவா இருக்கிறது என்று கேட்பார்கள் என நினைத்து, 'தென்புலம்' என்று ஒரு சொல்லைப் போட்டார். மாரியம்மன் கோயில் பூசாரி மூர்த்தி எழுந்து நின்றுவிட்டார்.

"தென்புலத்தார்னா செத்தவங்கல்ல, வாத்தியாரே? எமன் தெசையவா காட்டுறாங்க?"

ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். வாத்தியார் சமாளிப்பதற்குள் அடுத்த படம் விழுந்தது. விஞ்ஞானி சொல்லச் சொல்ல அவர் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே மாதக் கணக்கில் சூரியன் எட்டிப் பார்க்காது. எதுவும் அழுகாது. போனவர்களுக்கு எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. எங்களுக்குப் பனி என்றால் காலையில் பால்மரத்து இலையில் சொட்டுவது, வெயில் வந்தால் போய்விடும். இந்த வெள்ளை போகிற வெள்ளையாக இல்லை.

பிறகு ஓவியர் வரைந்த படம் வந்தது. சில பேர் வண்டி ஒன்றைப் பனியில் இழுக்கிறார்கள். ஒருவன் மட்டும் தள்ளி நிற்கிறான். ரோமத் தொப்பி முகத்தை மூடியிருக்கிறது. மூட்டை தூக்கியவனைப் போல ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது.

"என் வூட்டுக்காரரு" என்றாள் அங்கம்மா.

யாரும் சிரிக்கவில்லை. கோணியை அவிழ்த்து வெளிச்சம் வந்ததும் அவள் நேரே ஓவியரிடம் போனாள். வாத்தியார் குறுக்கே ஓடினார்.

"அங்கம்மா, அது எமலோகம் இல்லம்மா. வெறும் ஐஸ் கெடக்குற எடம். நாந்தான் வார்த்தையத் தப்பாப் போட்டுட்டேன்."

"எம்புட்டு வருசமாப் பசியோட நிக்கிறாரோ. அது யாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

வாத்தியார் கேட்டார். ஓவியர் தலையைச் சொறிந்தார். படத்தில் அந்த மூலை வெறுமையாக இருந்ததாம், தானாகவே ஓர் ஆளை நிறுத்தினாராம். விஞ்ஞானியின் முகம் கறுத்தது.

"அது யாருமே இல்லையாம், அங்கம்மா."

"அப்ப எடம் காலியாத்தான கெடக்கு. எங்காளு நிக்கட்டும். முகத்த மட்டும் வரஞ்சு குடுக்கச் சொல்லுங்க. ஒடம்பு கெடைக்கலன்னா பொம்ம வச்சு எரிப்பாங்கல்ல? நான் இத எரிக்கிறேன்."

ஓவியர் நல்ல மனுஷன். மறுபேச்சுப் பேசாமல் ஒரு தாளில் அதே ஆளை வரைந்தார், இம்முறை தொப்பி இல்லாமல். பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நெத்தியில ஒரு வெட்டு. பால்கத்தி பட்டது" என்றாள். வெட்டை வரைந்தார்.

"மூக்கு?" என்று கேட்டார் வாத்தியார். "கண்ணு எப்படி இருக்கும்?"

அங்கம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். எங்கள் பக்கம் திரும்பினாள்.

"யாராச்சும் சொல்லுங்களேன். நீங்கல்லாம் பாத்தவங்கதான?"

பார்த்தவர்கள்தான். அவன் இங்கே இருந்தபோது அவனோடு ஒரே வரிசையில் பாலுக்கு மரம் வெட்டியவள் நான். எவ்வளவு யோசித்தும் எனக்கு அந்த வெட்டு மட்டுமே நினைவுக்கு வந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவள் அழவில்லை. தாளை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

அமாவாசையன்று ஆற்றங்கரையில் அவள் அதைக் கொளுத்தினாள். பெண்பிள்ளை எள்ளும் தண்ணீரும் இறைக்கலாமா என்று பூசாரி முணுமுணுத்தார். நான் முறைத்த முறைப்பில் அடங்கினார். தெற்கே பார்த்து நின்று, சோற்று உருண்டையை வைத்து, தாலியைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள். தாள் சுருண்டு கருகியது.

"போயிட்டு…" என்று வாய்ப் பழக்கத்தில் ஆரம்பித்தாள். 'வாங்க' என்ற சொல்லை விழுங்கினாள். அதை விழுங்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"போங்க" என்றாள்.