நானாகத்தான் இறக்கினேன்

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உத்திரமேரூரை விட்டுத் திருமுக்கூடல் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பேருந்துக்குக் காசு இருந்தது. நிறுத்தத்தில் நின்றால் தெரிந்தவர்கள் வந்து விசாரிப்பார்கள் என்று நடந்தேன். நான்கு வருடம் ஓட்டிய நெல் அறுவடை வண்டியின் சாவியை அரை மணி நேரத்துக்கு முன்புதான் வக்கீலம்மாவின் மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் சாவியைத் தொடவில்லை, என்னையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.

வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டு உரக்கடை மாடியில் சமரசம் பேசிக்கொண்டிருந்தார். வழக்குப் போட்டால் பிள்ளைகள் காலத்தில்தான் தீரும் என்று பயந்த கூட்டு வியாபாரிகள் அவரிடம் வருவார்கள். இரு தரப்பையும் இரண்டு அறைகளில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்பார். சொல்வதைப் பென்சிலால் எழுதிக்கொள்வார். சொன்னவர் எழுந்திருக்கும் முன்பே, அவர் கண்ணெதிரில் அந்தத் தாளை நான்காகக் கிழித்துவிடுவார். "இங்க சொன்னது இங்கியே முடிஞ்சிது" என்பார். அதை நம்பித்தான் அங்கே பலர் உண்மை பேசினார்கள்.

எங்கள் வண்டிக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் பெரியவர், இன்னொருவர் அவர் மனைவியின் தம்பி. எங்களுடையது டயர் வண்டி. சேற்று வயலுக்கு ஆகாது. மழையில் சாய்ந்த தன் சொந்தக்காரர் நெல்லை அறுத்துத் தர வேண்டும் என்று பெரியவர் போன் செய்து, மாகறலில் ஈர வயலில் வண்டியை இறக்கச் சொன்னார். புதைந்துவிடும் என்றேன். "எறக்குடா, நான் சொல்றேன் இல்ல" என்றார். வண்டி அச்சு வரைக்கும் புதைந்தது. இரண்டு டிராக்டர் கட்டி இழுத்ததில் கியர் பெட்டி உடைந்து, அறுவடைக் காலம் முழுவதும் வண்டி நின்றது. தான் சொல்லவே இல்லை என்று பெரியவர் மச்சானிடம் சாதித்தார். மச்சான் என்னைக் கேட்டபோது, சோறு யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன். சண்டை முற்றி, வண்டியை விற்றுவிடலாம் என்ற இடத்துக்கு வந்தது. விற்றால் எனக்கு வேலை இல்லை.

வக்கீலம்மா என்னையும் தனியாகக் கூப்பிட்டார். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுத் தாளைக் கிழித்தார். பிறகு இரண்டு அறைகளுக்கும் மாறி மாறிப் போய்வந்து, என் எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா வூட்டுக்காரரு பொய் சொன்னாருன்னு ஆயிட்டா ஒறவே போயிடும்பா. நீயா எறக்குனன்னு சொன்னா வண்டி ஓடும். மனசில்லன்னா நான் கேக்கவே இல்லன்னு வெச்சிக்கோ."

"எனக்கு வேல உண்டாம்மா?"

"கேட்டுட்டுதான் வரேன். உண்டுன்னாங்க."

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். நானாகத்தான் இறக்கினேன் என்று சொன்னேன். பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இவனுக்கு எப்பவுமே அவசரம்" என்றார். மச்சான் சிரித்துவிட்டார். மூன்று மாதம் முகம் பார்க்காதவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒப்பந்தம் எழுதும்போது மச்சான் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வண்டிக்கு வேறு டிரைவர்.

"கேக்காம எறக்கறவன எப்டி மேடம் நம்பறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரியவரும் சரி என்றார். வக்கீலம்மாவின் கை நின்றது. அவர் வாயைத் திறந்தால் அதுவரை கிழித்த தாளுக்கெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும். மற்ற வரிகளை வாசித்த அதே குரலில் அந்த வரியையும் வாசித்தார்.

போன வருடம் வக்கீலம்மா இறந்துவிட்டதாக ஒரு லாரி கிளீனர் சொன்னான். பெரியவருக்கு உண்மை தெரியும்தான். ஆனால் அவர் தன் பேச்சை இந்நேரம் தானே நம்பியிருப்பார். நடந்தது நடந்தபடி தெரிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதையே இத்தனை காலம் துணையாக வைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வக்கீலம்மாமேல் கோபமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவர் வாக்கைக் காப்பாற்றினார். அதில் என் பிழைப்பு போயிற்று.

அன்றைக்குச் சாவியை வைத்துவிட்டு நடந்தவன், மறுநாள் காலை திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் வேலை கேட்டேன். மேஸ்திரி ஓரமாக நின்ற டிராக்டரைக் காட்டினார். டிரைவர் வரவில்லையாம்.

"வண்டி ஓட்டத் தெரியுமா?"

தெரியும் என்றால் முன்னே எங்கே ஓட்டினாய், ஏன் விட்டாய் என்பார். தெரியாது என்றேன்.

"அப்ப இன்னா, கல்லு தூக்கு" என்றார். துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு தூக்கினேன்.