ஒருநாள் ஓடிய புகைப்பெட்டி

ஆலைப் புகையைப் பிடிக்கும் பெட்டி விற்கிறவனுக்குப் புகையைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். வரியைப் பற்றித் தெரிந்தால் போதும். கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்குள் புதைத்தால் வரிச் சலுகை என்று இப்போது பேப்பரில் படிக்கிறபோதெல்லாம் எனக்கு நான் விற்ற பெட்டிதான் ஞாபகம் வருகிறது. கமிஷனுக்காக நாக்கைத் தேய்த்த சகபாடிகளே, தொண்ணூறுகளில் திண்டுக்கல் வட்டாரத்தில் நான் பார்த்த வேலையைக் கேளுங்கள்.

வெள்ளைக் காக்கை

பெட்டி என்றால் ஆள் உயரத் தகர டப்பா. விசிறி போட்டு பாய்லர் புகையை உள்ளே இழுக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கரியைக் கழுவும். கரி வண்டலாக அடியில் தங்கிவிடும். "நத்தத்தில் ஒரு ஆலைக்கு இதை மாட்டினோம். தவறி உள்ளே போன காக்கை மறுபக்கம் வெள்ளையாக வந்தது" என்று செம்பட்டிப் பக்கத்து அரிசி ஆலை முதலாளியிடம் அளந்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. பெட்டியின் விலை முழுவதையும் இந்த வருட லாபத்திலேயே கழித்துக்கொள்ள வருமான வரியில் இடமுண்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காக்கா எந்தக் கலர்ல வேணும்னாலும் வரட்டும் அப்பு. கழிவு முழுசாக் கிடைக்கும்ல?"

எங்கள் ஆயுத பூஜை

செப்டம்பர் முடிவதற்குள் பெட்டி ஓடத் தொடங்கினால்தான் முழுக் கழிவு, தள்ளிப்போனால் பாதிதான். அதனால் எங்கள் தொழிலில் ஆயுத பூஜை காலண்டரைப் பார்த்து வராது, ஆடிட்டரைப் பார்த்து வரும். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். தேதிக்குச் சாட்சியாக அன்றைய செய்தித்தாளை அதன்மேல் சாய்த்து வைத்து ஒரு போட்டோ.

சுவிட்சைப் போட்டதும் பாய்லர் அறை பளிச்சென்று தெளிந்தது. பாய்லருக்கு உமி தள்ளுகிற சவரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தார். "அம்புட்டுப் புகையும் எங்கண்ணே போச்சு?" என்று என்னிடம் கேட்டார். ஒரு மணி நேரம்தான். முதலாளி பெட்டியை அணைத்துத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். தினமும் ஓட்டணுமே என்று பேருக்கு இழுத்தேன்.

"ஏம்ப்பா, இந்த ஊர்ல மனுசன் குளிக்கவே தண்ணியில்ல, நான் புகையைக் குளிப்பாட்டவா?"

நீள நோட்டு

அதிகாரி யாராவது வந்து கேட்டால்? யோசனை சொன்னவன் நான்தான். நீள நோட்டு ஒன்று. தேதி, ஓடிய நேரம், ஓட்டியவர் கையெழுத்து. எட்டாவது வரை படித்த சவரியப்பனுக்கு எழுத்து முத்து முத்தாக விழும். "காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஓடியது. புகை இல்லை" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் இருமிக்கொண்டே எழுதினார். தினமும் இதையே எழுதுங்கள் என்றேன்.

"முதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா நெசமாவே ஓட்டுவாருண்ணே. நெஞ்சு அடைக்குது" என்றார். சொல்லியிருக்கலாம். முதலாளியின் மச்சானுக்கு இன்னொரு பெட்டி தள்ளிவிடுகிற பேச்சு அப்போது பாதியில் இருந்தது. அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன்.

"மறந்துறாதீங்கண்ணே."

கார்பன் தம்பி

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து, காற்றில் கலக்காத கரிக்கு வெளிநாட்டுக்காரன் காசு கொடுக்கிறான் என்று சென்னையிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். சவரியப்பன் எழுதிய நீள நோட்டுகளை முதலாளி அடுக்கினார். தம்பியோ பெட்டியைப் பார்க்கவேண்டும் என்றார். தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே கீரிப்பிள்ளை குடித்தனம். ஏழு குட்டி என்பேன். நம்பாதவர்கள் ஐந்தாகக் குறைத்துக்கொள்ளலாம்.

"சார், நீங்க பிடிச்சு வச்சிருக்கறது கார்பன் இல்ல, கீரி."

கையெழுத்து

அதற்குள் சவரியப்பன் தாடிக்கொம்பில் வீட்டோடு படுத்துவிட்டார். நுரையீரல் போய்விட்டது. வேலையால் வந்த நோய் என்று நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார். விசாரணையில் ஆலைத் தரப்பு வக்கீல் அந்த நோட்டுகளையே மேசையில் வைத்தார். "தினமும் 'புகை இல்லை' என்று எழுதியது நீங்கள்தானே?" சவரியப்பன் ஆமாம் என்றார். மனு தள்ளுபடி.

நான் பின் பெஞ்சில் இருந்தேன். எழுதச் சொன்னவன் நான் என்று எழுந்து சொல்ல நேரம் இருந்தது. வெள்ளைக் காக்கையை ஊர் ஊராகப் பறக்கவிட்டவனுக்கு அன்று கால் எழவில்லை. வெளியே படியிறங்கும்போது அவர் தோளைத் தாங்கிக்கொண்டேன். இரண்டு படிக்கு ஒருதரம் நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"விடுங்கண்ணே. என் எழுத்து அழகா இருக்குன்னு அந்த வக்கீலே சொல்லிட்டாரு."

நான் விற்ற பெட்டி தன் ஆயுளில் புகையைப் பிடித்தது ஒரே ஒரு மணி நேரம். மீதியை எல்லாம் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டவர் சவரியப்பன்தான்.