செடிக்கு ஊற்றிய தண்ணீர்

நான் மாசமாக இருந்தபோதுதான் குடுவைச் செடி வாடத் தொடங்கியது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி அது. பெங்களூரில் தக்காளி லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஓசூர் நர்சரி ஒன்றில் என் வீட்டுக்காரர் வாங்கிவந்தார். பாலக்கோட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டு ஜன்னலில் அதன் குடுவைகள் சின்னச் சின்னச் செம்புகளாகத் தொங்கும்.

முதலில் குடுவைகளின் மூடி கருகியது. பழையது காய்வது இயல்புதான் என்று விட்டேன். பிறகு இளம் இலைகளே நுனி தீய்ந்து துவண்டன. வெயிலோ என்று உள்ளே நகர்த்தினேன். இலைகளுக்கு அடியில் பூச்சி தேடினேன், இல்லை. விளையாட்டாக ஈ பிடித்துப் போடும் அவரை நிறுத்தச் சொன்னேன். எதற்கும் தேறவில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, சாகிற ஒன்றைத் தினமும் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் லோடு போயிருந்த ஒரு காலையில் நர்சரிக்காரருக்கு போன் செய்தேன். செடியை வெளியே எடுத்து வேரை அழுத்திப் பார்க்கச் சொன்னார். கறுப்பாக, ஆனால் கெட்டியாக இருந்தது. இந்தச் செடிக்கு வேர் கறுப்புதான், அழுகல் இல்லை என்றார். தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்று கேட்டார். சுண்ணாம்பு பூசினாற்போல் படிந்திருந்தது.

"என்ன தண்ணிங்க ஊத்துறீங்க?"

"போர் தண்ணிதாங்க."

"அதுல இருக்கற உப்பு இதுக்கு வெசங்க. மழைத் தண்ணி மட்டும் ஊத்துங்க."

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் அதே வெள்ளை. இத்தனை மாதமும் அதைத்தான் குடித்திருந்தேன். இந்தப் பக்கத்துத் தண்ணீரால் பல் பழுப்பேறியவர்களையும் கால் வளைந்தவர்களையும் பார்த்தே வளர்ந்தவள் நான். அவர்கள் வயிற்றில் இருந்தபோது அவர்களின் அம்மாக்களும் இதைத்தானே குடித்திருப்பார்கள் என்று அன்றுதான் உறைத்தது.

அன்று நான் தண்ணீரே குடிக்கவில்லை. மறுநாள் நாக்கு ஒட்டியபோது ஒரு வாய், அவ்வளவுதான். வண்டி ஓட்டுகிறவரைக் கலங்கவைப்பானேன் என்று அவரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் துணி காயப்போடும்போது தலை சுற்றியது. படுத்துக்கொண்டு வயிற்றில் கை வைத்தேன். சாப்பிட்டதும் உதைக்கிற பிள்ளை அசையவில்லை. திரும்பிப் படுத்தேன், தட்டினேன், கூப்பிட்டேன். மாதாவே என்பதற்குமேல் ஜெபம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா கருவியை வைத்துத் தேடினார். ஓர் இடத்தில் ஒன்றுமில்லை. இன்னோர் இடத்திலும் இல்லை. பிறகு தடதடவென்று கேட்டது. செடிக்கு நேர்ந்ததையும் நான் தண்ணீர் குடிக்காததையும் அவரிடம் சொன்னேன்.

"கொழந்த நல்லா இருக்கும்மா. செடிக்கு ஆகாததெல்லாம் ஆளுக்கும் ஆகாதுன்னு இல்ல. நீ தண்ணி குடிக்காம இருந்ததுதான் தப்பு."

ஆனால் என் பயம் வீண் என்று அவர் சொல்லவில்லை. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார். அதுவரை தெருக்குழாயில் எப்போதாவது வரும் காவிரித் தண்ணீரையே பிடித்துவைத்துக் குடிக்கச் சொன்னார். சோதித்தபோது ஃப்ளோரைடு அதிகம் என்றுதான் வந்தது. அதன்பின் போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கவில்லை.

மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரில் செடி மெல்லத் தேறியது. மகள் பிறந்தபோது வீறிட்டு அழுதாள். நர்ஸ் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். அழட்டும் விடுங்க என்றேன். அவள் நிறுத்தினால் எனக்கு மறுபடியும் பயம் வந்துவிடும்போல் இருந்தது.