நாயின் வாயைத் துடைத்த நாள்

முதல் கோழி செத்தபோது நாங்கள் மரநாயைத்தான் சந்தேகித்தோம். ஜெர்மனியில் எசன் நகரின் ஓரத்தில், காட்டை ஒட்டிய எங்கள் வீதியில் அவை உண்டு. காரின் வயர்களைக் கடித்து வைக்கும், கூரைக்குள் புகுந்து ஓடும். அன்று பின்னேரம் வேலியோரம் பழுப்புக் கோழியொன்று சரிந்து கிடப்பதைக் கண்டு கணவரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "மரநாயின்ர வேலைதான்" என்றார். கோழியின் உடம்பில் ஒரு துண்டும் குறையவில்லை. கழுத்து மட்டும் துவண்டிருந்தது. தின்னாத ஒன்றை எதற்காகக் கொன்றது என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. நான் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆறு கோழிகள் வைத்திருந்தோம். அது கணவரின் ஆசை. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க வாகன நெரிசலில் இருந்துவிட்டு வருகிற மனுசனுக்குக் கோழிகள் மண்ணைக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இங்கே நாலு கோழி வளர்க்கவும் அலுவலகத்தில் பதிய வேண்டும், தண்ணீரில் தடுப்பு மருந்து கலந்து கொடுக்க வேண்டும். அந்தக் கடிதங்களையெல்லாம் அவர் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார்.

நாய் மகளுடையது. பதினைந்து வயதில் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் போக ஏலாது என்று அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு ஏழு மாதம் ஒழுங்காகத் திறக்கவில்லை. டொக்டர்மார், பள்ளிக்கூடத்துக் கடிதங்கள், ஒவ்வொரு கிழமையும் யாரையாவது போய்ச் சந்திக்க ஒரு டெர்மின். கடைசியில் விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு பெரிய கறுப்பு நாயைக் கொண்டுவந்தோம். நாயை வெளியே கொண்டுபோகவேண்டியிருந்ததால் அவள் வாசல்வரை வந்தாள். பிறகு வீதிமுனைவரை. அடுத்த ஓகஸ்டில் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினாள். அந்த நாயை நான் எப்படிப் பார்த்தேன் என்பதற்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது கோழி செத்தது ஒரு வியாழக்கிழமை. எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. இரண்டரை மணிக்கு வீடு வந்தேன். கணவர் வேலையில் இருந்தார். மகள் மேலே காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக் கண்ணாடிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நாய் வாலை ஆட்டியபடி என்னிடம் வந்தது. அதன் வாயோரத்தில் ஒரு சின்ன வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. தாடை மயிர் இரத்தத்தில் நனைந்திருந்தது.

நான் முதலில் தோட்டத்துக்குப் போகவில்லை. குசினித் துணியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நிலத்தில் குந்தியிருந்து நாயின் வாயைத் துடைத்தேன். அன்று காலையில்தான் எட்டுப் பேரின் வாயைத் துடைத்துவிட்டு வந்திருந்தேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. நாய் தலையை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றது. முடிந்ததும் என் மணிக்கட்டை நக்கியது. துணியைப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியின் அடியில் போட்டேன். அதன் பிறகுதான் வெளியே போய்ப் பார்த்தேன்.

கணவர் வந்து வேலியைச் சுற்றி நடந்தார். பக்கத்து வீட்டுப் பக்கமாக வேலிக்குக் கீழே மண் கொஞ்சம் தோண்டப்பட்டிருந்தது.

"இது மரநாய் இல்லை. பக்கத்து வீட்டு மனுசன்ர நாய்தான் வந்திருக்கு. நீர் ஒண்டும் காணேல்லையோ?"

"நான் வரேக்கை இப்பிடித்தான் கிடந்தது" என்றேன்.

அது பொய் இல்லை. அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஜெர்மன்காரர் ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய வேட்டை நாய்க்கு வயது போய், பின்கால் ஒன்றை இழுத்து இழுத்து நடக்கும். கணவர் வேலியருகே நின்று அவரிடம் பேசுவதை நான் குசினி ஜன்னலால் பார்த்தேன். அந்த மனிதர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் தலையைத் திருப்பி எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அடுத்த நாளிலிருந்து அவருடைய நாய் வாசல் தூணில் கட்டிக் கிடந்தது. நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அது தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அதன் பிறகு எங்கள் நாயை நான் கவனிக்கத் தொடங்கினேன். அது குரைக்காது, கதவைப் பிறாண்டாது. கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கும். கோழிகள் நகரும் பக்கமெல்லாம் அதன் காதுகள் மட்டும் நகரும். மகள் அதன் வயிற்றில் தலைவைத்துப் புத்தகம் வாசிப்பாள். அப்போதும் காதுகள் நகர்ந்துகொண்டிருக்கும்.

"பூங்கண்டு வச்சிருக்கிறன், கிண்டிப்போடும். நாயைத் தோட்டத்துக்கை விடாதை பிள்ளை" என்று அவளுக்குச் சொன்னேன். அதற்காகவே ஒரு கடைக்குப் போய் நான்கு பூங்கன்றுகளும் வாங்கி நட்டேன்.

ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, கடும் வெக்கை. வீட்டில் எல்லோரும் இருந்தோம். யாரோ கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கோழிகள் கத்தின. பிறகு சட்டென்று நின்றன. கத்தியை வைத்துவிட்டு நான் அசையாமல் நின்றேன். போய்ப் பார்க்காமலே தெரிந்தது. பிறகுதான் வெளியே போனேன்.

கணவர் எனக்கு முன்னே அங்கே போயிருந்தார். ஒரு கோழி புல்லில் கிடந்தது. மற்றது நாயின் வாயில். நாய் நடந்து வந்து அதை அவருடைய காலடியில் மெல்ல வைத்துவிட்டு வாலை ஆட்டியது. மிச்ச இரண்டும் கூட்டின் மூலைக்குள் ஒடுங்கி நின்றன. அவர் கையில் மண்வெட்டி இருந்தது. அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதை வேலியில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப முதல் ரெண்டும்?"

நான் நாயின் வாயைப் பார்த்தேன்.

"உமக்குத் தெரியும்."

"ஓம். ரெண்டாவதுக்குத் தெரியும். வாயைத் துடைச்சுவிட்டனான்."

"அந்த மனுசன்ர நாய் ஒரு மாசமாக் கட்டிக் கிடக்குது" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அன்றே இருவருமாகப் பக்கத்து வீட்டு மணியை அடித்தோம். கணவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு நான் கேட்டேன். அந்த மனிதர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அந்த வியாழக்கிழமை மேல்மாடியிலிருந்து பார்த்தேன். கோழியைப் பிடித்தது உங்கள் நாய்தான். நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன்."

"அப்படியென்றால் ஏன் உங்கள் நாயைக் கட்டினீர்கள்?" என்று கணவர் கேட்டார்.

"அடுத்த கோழிக்கும் என் நாயைக் குற்றம் சொல்லக்கூடாது அல்லவா."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

மகளுக்கு நான்தான் சொன்னேன். அழுவாள், திரும்பவும் அறைக்குள் போய்விடுவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் நாயின் கழுத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதை நான் செய்திருந்தாலும் மறைச்சிருப்பீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவளுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நாய் பழக்குகிற பெண் ஒருத்தி வந்து பார்த்தாள். இது கோபமோ பசியோ இல்லை, வேட்டைக் குணம், ருசி கண்டபிறகு முற்றாக மாறாது என்றாள். நாயைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கணவர் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் மிஞ்சிய இரண்டு கோழிகளையும் பெட்டியில் வைத்து, என்னுடன் வேலைசெய்யும் ஒருத்தியின் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்து, கூட்டைக் கழற்றினார். கடிதங்கள் அடுக்கிய அந்தக் கோப்பையும் கிழித்துப் போட்டார். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை.

மகள் இப்போது ஆஉஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறாள், காலையில் ஆறு மணி ரயிலில் போய்வருகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் கண்டால் வணக்கம் சொல்வார். அவ்வளவுதான். கணவர் நான் மறைத்ததைப்பற்றி ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. ஆனால் போன கிழமை சம்பலுக்குத் தேங்காய் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, "உண்மையாத்தானோ?" என்று கேட்டார். பிறகு எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து பார்த்தார்.