வடதுருவம் போய் வந்த கிளவுஸ்

தோஹாவில் ஒரு குளிர் கிடங்கில் எனக்கு வேலை. ஃப்ரீசருக்குள் கோழிப் பெட்டிகளை அடுக்க வேண்டும். வெளியே சட்டை உடம்போடு ஒட்டும். உள்ளே மூக்கு மயிர் விறைக்கும்.

எங்கள் மேனேஜர் சென்னைக்காரர். ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் கேமராவோடு ஃப்ரீசருக்குள் வந்து நின்றார். நார்வே போகிறாராம். குளிரில் பேட்டரி தாங்குமா என்று பார்க்க வந்திருந்தார். அங்கே ராத்திரி வானத்தில் பச்சையாக வெளிச்சம் ஆடும், அதைப் பார்க்கத்தான் பயணம் என்றார்.

"அது என்ன சார், மின்னலா?"

"மின்னல் இல்லப்பா. சூரியன்லேர்ந்து துகள் கிளம்பி வரும். பூமி பெரிய காந்தம். அதை வடக்கு ஓரமும் தெற்கு ஓரமுமா இழுத்துடும். மேல காத்துல மோதினா வெளிச்சம்."

"இங்க நம்மள வறுக்கிற சூரியனா?"

"அதேதான்." சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "அந்த கிளவுஸ் புதுசா?"

கழற்றிக் கொடுத்தேன். கேட்கிறவர் மேனேஜர். என் அளவுக்கு வந்தது அந்த ஒரு ஜோடிதான்.

பழைய ஜோடியில் வலது கை விரல்நுனி கிழிந்திருந்தது. டேப் சுற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் ஒரு மதியம் இரண்டு விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. வெளியே வந்து குழாயைத் திறந்து அந்த விரல்களை மட்டும் நீட்டினேன். அந்த மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். குளிப்பதற்கே வாளியில் பிடித்து ஆறவைப்போம். எனக்குத் தெரியாததில்லை. ஆனால் சுடவில்லை. இன்றைக்குத் தண்ணீர் பரவாயில்லை என்று நினைத்து அப்படியே நின்றேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கீழக்கரைக்காரர், அவர் ஊர் வழக்கப்படி அண்ணனுக்குப் பதிலாகக் காக்கா என்போம், பக்கத்துக் குழாயில் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கைய எடுப்பா. கோழியா அவிக்கிற?"

எடுத்தேன். தோல் தனியாகத் தொங்கியது. வலி ஆஸ்பத்திரி போகும் வழியில்தான் வந்தது.

அந்த இரண்டு விரல்களும் இனி மடங்காது. குளிரில் வேலை கூடாது என்றார் டாக்டர். ஃப்ரீசருக்கு ஆகாதவனை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று கேம்பில் பேசிக்கொண்டார்கள். மேனேஜர் வந்துதான் முடிவு. காத்திருந்தேன்.

வந்தார். போனில் படம் காட்டினார். பச்சை, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. நன்றாகத்தான் இருந்தது.

"நேர்லயும் இப்படியா சார்?"

"நேர்ல சாம்பல் கலர்தான். புகை மாதிரி. கேமராதான் பச்சையா எடுத்துச்சு."

கிளவுஸைத் திருப்பிக் கொடுத்தார். மடித்தது மடித்தபடி இருந்தது. "அவ்வளவு குளிர் இல்லப்பா. பையிலயே கெடந்துச்சு. கையில என்ன கட்டு?"

குழாயைப் பற்றிச் சொன்னேன். கிளவுஸைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் போனை அணைத்துப் பையில் போட்டார்.

"ஊருக்கு அனுப்ப மாட்டேன். கேட் டியூட்டி பாரு."

இப்போது நாள் முழுக்க வெயிலில் நிற்கிறேன். காக்கா கடந்து போகும்போது கேட்பார், "என்னப்பா, வானத்துல பச்சையா ஏதும் தெரியுதா?"

"மாஃபி காக்கா" என்பேன். ஒன்றுமில்லை.

கேட் இரும்பு. மதியத்தில் தொட முடியாது. லாரி வந்தால் அந்த கிளவுஸைப் போட்டுக்கொண்டுதான் திறக்கிறேன்.