போர்வையும் பாய்க்கயிறும்

நேற்றுக் காலை கிரேஸ் வளவுக்குள் பெட்ஷீற் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கச்சான் காற்று ஒரு முனையைப் பறித்துக்கொண்டு போக, மறு முனையை நான் விறைப்பாகப் பிடித்தபடி நின்றேன். "கொஞ்சம் தளர்த்துங்கோவன், கிழியப்போகுது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். கலியாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டில் போர்வையைத் தளர்த்தச் சொல்லிவிட்டுச் சிரிக்காமல் இருக்க ஏலாது. காரணத்தைச் சொல்கிறேன், என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

அப்போது நான் துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் இளைய கிளாக்கர். கிரேஸின் அப்பா சாமுவேல் ஐயா எங்கள் தலைமைக் கிளாக்கர். கோப்பில் ஒருமுறை எழுதியதை மறுமுறை திருத்தமாட்டார். கந்தோர் மணிக்கூடு பத்து நிமிஷம் முந்தி ஓடியது. அதைத் திருத்த விடாமல் எங்களையெல்லாம் பத்து நிமிஷம் முந்தி வரவைத்த மனிதர் அவர்.

நானும் கிரேஸும் விரும்புவது அவருக்குத் தெரியும். நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் புரட்டஸ்தாந்துக்காரர். "மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துற வீட்டிலை என்ரை பிள்ளை கால் வைக்கமாட்டாள்" என்று சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஓர் உபதேசியாரின் மகனைப் பேசியாகிவிட்டது, தை மாதம் கலியாணம் என்று கதை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஐயாவுக்குக் கிரேக்க நாடகப் பைத்தியம் பிடித்தது. வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது விட்டுப்போன பழைய புத்தகங்களில் அவருக்கு அது அகப்பட்டிருந்தது. அந்தச் சோக நாடகங்களின் அரசர்கள் எல்லாரும் ஒரே அச்சு, சொன்ன சொல்லை மாற்றமாட்டார்கள். புத்தி சொல்ல வருகிறவர்களும் நேரே விஷயத்துக்கு வராமல் மரம், வெள்ளம், காற்று, கப்பல் என்று சுற்றிவளைத்துக் கதைப்பார்கள். எல்லாம் நாசமான பிறகுதான் அரசனுக்கு விளங்கும். அதில் ஒன்றைக் கந்தோர்க்காரரை வைத்து மேடையேற்றத் தொடங்கினார். தமிழாக்கம், இயக்கம், அரசன் வேஷம் மூன்றும் ஐயாவே. அரசனுக்கு மட்டும் ஒத்திகை தேவைப்படவில்லை.

எனக்கு அரசனின் மகன் வேஷம். பிடிவாதத்தை விடச் சொல்லித் தகப்பனிடம் மன்றாட வேண்டும். என் குரல் நல்லதாம், அதனால்தானாம்.

இங்கிலீஷ் புத்தகத்தில், பலத்த காற்றில் பாய்க்கப்பலின் 'ஷீற்'றைத் தளர்த்தாதவன் கவிழ்வான் என்று வரும் ஓரிடத்தை ஐயா, 'போர்வையைத் தளர்த்தாத மாலுமி கவிழ்வான்' என்று எழுதியிருந்தார். என் அப்பா மூதூருக்குப் பாய்வள்ளம் ஓட்டியவர், கடற்படைக்காரரோடு பழகியவர். கப்பற்காரருக்கு ஷீற் என்றால் பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு என்பது எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மெல்லச் சொன்னேன்.

"ஐயா, அது கயிறு."

"ஷீற் எண்டா கயிறோ? உமக்கு ஆர் இங்கிலீஷ் படிப்பிச்சது?"

"அப்பா வள்ளம் ஓட்டினவர், ஐயா…"

"போர்வை எண்டு எழுதியாச்சு. ஏலாதெண்டா வேஷத்தை வேறை ஆளுக்குக் குடுக்கிறன்."

கிரேஸிடம் முறையிட்டேன். "சண்டை பிடியாதேங்கோ. போர்வை எண்டே சொல்லிவிடுங்கோ. தை மாதம் கிட்ட வருகுது" என்றாள்.

நாடகம் எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில், ஒரு மண்டபத்தில், சனிக்கிழமைப் பின்னேரம். முன்வரிசையில் கிரேஸும் தாயும். பின்னால் வள்ளக்காரர் ஒரு கூட்டம். வளைகிற மரம், வளையாத மரம் என்று நான் தொடங்கியதும் மண்டபம் அமைதியாகிவிட்டது. சூறாவளி அடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கூரைமேல் வேரோடு சாய்ந்த மரத்தை வெட்டி இறக்காதவர் அங்கே குறைவு. அடுத்ததாகக் கப்பல். கண்ணை மூடிக்கொண்டு போர்வை என்றேன்.

"தம்பி, கவிண்டது வள்ளமோ கட்டிலோ?" என்று பின்னாலிருந்து ஒரு சம்பூர் வள்ளக்காரரின் குரல் கேட்டது.

மண்டபமே சிரித்தது. கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அடுத்த வரி மறந்துபோய்விட்டது.

சிவப்புத் துணி போர்த்த கந்தோர்க் கதிரையிலிருந்து அரசன் எழுந்தார். முடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சனத்தைப் பார்த்தார். "அது கயிறு. பொடியன் முந்தியே சொன்னவன். பிழை என்ரை." பிறகு முடியைத் தலையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "திருப்பிச் சொல்லும், மகன்."

'மகனே' என்றுதான் நாடகத்தில் இருந்தது. நாங்கள் வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி 'மகன்' என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நல்ல நடிப்பு என்று பலர் பாராட்டினார்கள்.

திங்கட்கிழமை கூப்பிட்டார்.

"பிழை எண்டு தெரிஞ்சும் ஏன் காணும் சொன்னனீர்?"

"கிரேஸ் சொல்லச் சொன்னவ, ஐயா."

மேசைமேல் விரித்திருந்த கோப்பை மூடினார். "யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போட்டிட்டன், வேண்டாமெண்டு."

சொன்னபடி தை மாதம் கலியாணம் நடந்தது, மாப்பிள்ளை மட்டும் மாறியிருந்தார். கத்தோலிக்கக் கோயில் வாசல்வரைதான் வருவேன் என்றார் ஐயா. வாசலில் நின்றார். மழை கொட்டியது. உள்ளே வந்தார். "மழைக்குத்தான் வந்தனான்" என்று சாகும்வரை சொன்னார்.

இப்போது மூதூருக்குப் பாய்வள்ளம் இல்லை. பாய்க்கயிறு என்றால், படுக்கிற பாயைக் கட்டுகிற கயிறோ என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த மண்டபமும் இல்லை, சம்பூர்க் குரல்காரர் எங்கே போனாரோ தெரியாது. ஐயாவுக்குப் பிறகு எத்தனையோ பேர் எங்களை ஆண்டுவிட்டார்கள். சூறாவளியைவிடப் பெரியவை எல்லாம் பார்த்தாயிற்று. கதிரையை விட்டு எழுந்து, முடியைக் கழற்றி, "பிழை என்ரை" என்று ஒருவர் சொல்லி நான் கேட்கவில்லை.