யன்னல் சீற்

நூஹுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்முனைப் பட்டினத்தில் ஒரு பாமசியில் முப்பத்தொரு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறார். டொக்டர்மாரின் கோழிக் கிறுக்கலில் முதல் வரியை வாசித்ததுமே ஆளுக்கு என்ன வருத்தம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணைப் பாமசியோடு விட்டுவைத்திருந்தால் வம்பில்லை. அதை அவர் சினிமாவுக்கும் கொண்டுபோனார். இடைவேளைக்கு முன்னமே கொலைகாரன் யார், கடைசியில் சாகப்போவது யார், தாய்க்காரி பெட்டிக்குள் ஒளித்துவைத்திருக்கும் போட்டோ யாருடையது என்று எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்.

இந்தத் திறமைக்கு உலகத்தில் ஒரேயொரு சாட்சிதான் இருந்தான். சாய்ந்தமருதில் அடுத்த வளவில் குடியிருக்கும் றஸாக், நெல் ஆலையில் லொறி ஓட்டுகிறவன். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? பாமசி முதலாளி ஹாஜியார். அவர் முன்னால் சினிமா என்று வாய் திறக்க முடியாது. மனைவி றஹீமாவிடம் படத்தைப் பற்றித் தொடங்கினால், "எல்லாம் பொய்தானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு கத?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள்.

ஆகவே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பத்தரைக் காட்சிக்கு, நூஹுவும் றஸாக்கும் மட்டக்களப்புக்கு பஸ் ஏறுவார்கள். இருபது வருடப் பழக்கம். பந்தயம் ஹறாம் என்பதால் காசுப் பேச்சே கிடையாது. அதற்குப் பதிலாக அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. இடைவேளையில் ஆளுக்கொரு கடதாசித் துண்டில் படத்தின் முடிவை எழுதி, மற்றவனின் சேட்டுப் பொக்கற்றில் போட்டுவிட வேண்டும். படம் விட்டபின் வெளியே வந்து எடுத்துப் பார்ப்பார்கள். சரியாக எழுதியவனுக்குத் திரும்பும் பஸ்ஸில் யன்னல் சீற். யன்னல் சீற்காரனுக்குக் கல்முனை வரும் வரைக்கும் படத்தைப் பற்றிக் கதைக்கும் உரிமை. மற்றவன் தலையாட்டி ஓம் போட வேண்டும், அவ்வளவுதான். படத்தை யாரும் முன்கூட்டிப் பார்க்கவும் கூடாது, போனில் கதையைத் தேடி வாசிக்கவும் கூடாது. இதற்காக யாரும் சத்தியம் செய்யவில்லை. கூட்டாளிக்குள் என்ன சத்தியம்?

யன்னல் சீற் பெரும்பாலும் நூஹுவுக்கே கிடைத்தது. கல்லடிப் பாலத்தில் தொடங்கினால் பாண்டிருப்புத் தாண்டும் வரை ஓயமாட்டார். அண்மைக் காலப் படங்கள் எல்லாமே தன்னை ஏமாற்றிவிட்டன என்பது அவருடைய கட்சி. ஒரு படத்தில் கதாநாயகியின் இருதய வருத்தத்தை ஒரு குளிசை சுகமாக்கிற்று. குளிசை அட்டையைக் கிட்டத்தில் காட்டினார்களே, அது வயிற்று வாயுவுக்குக் கொடுக்கிறது! அன்று அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்னொரு படத்தில் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து பார்த்தபிறகு மிச்சக் கதை இரண்டாம் பாகத்தில் வருமாம். "அரைவாசி மருந்தக் குடுத்துப்போட்டு, மிச்சத்துக்கு வாற வரிசம் வாங்க எண்டு நான் சொல்லேலுமா மச்சான்?" என்று கேட்டார். றஸாக் ஓம் போட்டான்.

எல்லாவற்றிலும் அவரைச் சுட்டது தொப்பிக்காரன்தான். திரையில் தாடியும் தொப்பியுமாக ஒருவன் நுழைந்தாலே இருவரும் சீற்றில் கொஞ்சம் தாழ்ந்து உட்காருவார்கள். அவன் கையில் குண்டு இருக்கும் என்று சொல்ல இடைவேளை வரை போகவே தேவையில்லை. சின்ன வயதிலிருந்து இந்தச் சினிமா மேல் உயிரை வைத்திருந்த மனிசன் நூஹு. அது தன்னைப் பார்த்து இப்படி ஒரு வேலை செய்யும் என்று அவர் நினைக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிலைமை தலைகீழாகிற்று. றஸாக்கின் துண்டு சரி, நூஹுவின் துண்டு பிழை. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கு அடுத்ததும் அப்படியே. இருபது வருடத்தில் பத்துத் தடவைகூட வெல்லாதவன், தொடர்ந்து ஐந்து படத்தில் வென்றான். கொலைகாரனின் பெயரை மட்டுமல்ல, அவன் ஒளிந்த இடத்தையும் எழுதினான். நூஹு பஸ்ஸில் யன்னலை விட்டு நடைபாதைப் பக்கம் ஒதுங்கி, போகிற வருகிறவர்களின் பையால் இடிபட்டுக்கொண்டு வந்தார்.

அதை விளையாட்டாக எடுக்க அவரால் முடியவில்லை. கண்டுபிடிக்கிற மூளை மழுங்கிவிட்டது என்று பயந்துபோனார். கண் டொக்டரிடம் போனார், ஒரு குறையும் இல்லை என்றார்கள். பயம் போகவில்லை, கூடிற்று. ஒருநாள் பாமசியில் டொக்டரின் மருந்துத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பது இந்த மருந்துதானா என்று தன்னையே நம்பாமல் நெடுநேரம் நின்றார். மருந்து சரிதான். ஆனால் அன்று பின்னேரமே ஹாஜியாரிடம் போய், "நான் உள்ளுக்கு ஸ்டோரப் பாக்குறன், முன்னுக்கு அந்தப் பிள்ளைய விடுங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை அப்னா, புதிதாகப் படித்து வந்தவள். முப்பத்தொரு வருடம் நின்ற இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நூஹு பின்னறையில் பெட்டிகளின் காலாவதித் திகதி பார்க்கிறவரானார்.

ஆறாவது படம் போன சனிக்கிழமை. ஒரு பள்ளிக்கூட அதிபரை யாரோ கொன்றுவிடுகிறார்கள். இடைவேளையில் நூஹு நெடுநேரம் யோசித்து, மனதுக்குள் பிஸ்மி சொல்லி, 'டிரைவர்' என்று எழுதினார். றஸாக் யோசிக்கவே இல்லை. எழுதி, மடித்து, அவர் பொக்கற்றில் போட்டுவிட்டு இஞ்சிப் பிளேன்ரீ வாங்கப் போனான்.

இரண்டாம் பாதியில் ஒரு பகிடிக் காட்சி வந்தது. கொலைகாரன் ஒளிந்திருக்கிறான் என்று நினைத்து, கான்ஸ்டபிள் ஒருவன் நடுங்கி நடுங்கி அலுமாரியை நோக்கிப் போகிறான். கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. கான்ஸ்டபிள் அலுமாரியில் கையை வைத்தான். றஸாக் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. அதற்கும் பிறகுதான் உள்ளிருந்து ஓர் ஆடு பாய்ந்தது. கொட்டகை முழுக்கச் சிரித்தபோது றஸாக் சிரித்து முடித்திருந்தான்.

நூஹு அவனைத் திரும்பிப் பார்த்தார். முதல் வரியிலேயே வருத்தத்தைக் கண்டுபிடிக்கிற கண் அது. மிச்சப் படத்தை அவர் பார்க்கவில்லை. அதிபரைக் கொன்றது அவருடைய மூத்த அக்கா. றஸாக்கின் துண்டில் 'பெரியக்கா, கிணத்துக்குள்ள கத்தி' என்று எழுதியிருந்தது.

பஸ்ஸில் நூஹு ஒன்றும் கேட்காமல் யன்னல் சீற்றில் போய் உட்கார்ந்தார். றஸாக் திகைத்துப்போனான்.

"மச்சான், இண்டைக்கு அது என்ட சீற்."

"ஆடு பாயுறதுக்கு முன்னுக்கு ஏன்டா சிரிச்ச?"

றஸாக் பக்கத்தில் உட்கார்ந்தான். கல்லடிப் பாலம் முடிந்தது. பிறகு மெல்லச் சொன்னான். மகள் றிபாவுக்குக் கலியாணம் முடிந்து மருமகன் வீட்டோடு வந்தது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின மாதம். வரும்போது சுவரை மறைக்கிற மாதிரி ஒரு ரீவியும் கொண்டுவந்தார். எந்தப் படம் வந்தாலும் எங்கிருந்தோ களவாக இறக்கி, வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு போட்டுவிடுவார். "மாமா, வாங்க, இரிங்க" என்று கதிரையும் இழுத்துப் போடுவார்.

"புது மருமகன்ட முகத்தப் பாத்து ஏலா எண்டு எப்பிடிச் சொல்லுற?"

"சரி, அவருக்குச் சொல்லாத. எனக்குச் சொல்லியிரிக்கலாமே."

"சொன்னா நீ என்னோட படத்துக்கு வருவியா?"

"ஆறு படம்டா!" நூஹுவின் குரல் உயர்ந்தது. முன் சீற்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ட மூள போச்சுதெண்டு நினைச்சுக் கவுண்டர உட்டுக் குடுத்திரிக்கன். கண்ணக் கொண்டுபோய்க் காட்டியிரிக்கன். ஒவ்வொரு முறையும் பக்கத்துல இரிந்து பாத்துக்கிட்டுத்தானே வந்த? ஒரு வார்த்த சொன்னியா?"

றஸாக்குக்கு முகம் சுண்டிப்போயிற்று. கவுண்டர் விசயம் அவனுக்குத் தெரியாது. நூஹு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அது தெரியா மச்சான். அல்லாஹ்வுக்காக மாப்புத் தா." கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இருவது வரிசமா நான் இந்தப் பக்கம் இரிந்து ஓம் போட்டன். எனக்கும் படத்தப் பத்திக் கதைக்க ஆச இரிந்திச்சு. உன்னோட போட்டி போட்டு எனக்கு வெல்ல ஏலா. வேற வழி தெரியல்ல."

நூஹுவுக்கு இன்னும் கோபம்தான் வந்தது. ஆசை இருந்தால் கேட்டிருக்கலாம். களவு எதற்கு? ஆரையம்பதி தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கடைசியில் சுடச்சுடக் கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் யன்னல்ல இரிந்து நீ கதைச்சதும் மருமகன்ட கததானே?"

"இல்ல." றஸாக் முதல் தடவையாக நிமிர்ந்தான். "முடிவுதான் களவு. கதைச்சதெல்லாம் என்ட. அஞ்சு நாளும் கல்முன மட்டும் கதைச்சன். அதுல ஒண்டு சொல்லு பாப்பம்."

நூஹு வாயைத் திறந்தார். முதல் படத்துக்கு என்ன சொன்னான்? இரண்டாவதுக்கு? ஏதோ ஒரு தகப்பனைப் பற்றி நெடுநேரம் சொன்னான். அவன் கண்கூடக் கலங்கிற்று. என்ன சொன்னான்? அந்த ஐந்து நாளும் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து, தான் எங்கே பிழைவிட்டோம் என்று தேடிக்கொண்டு வந்ததுதான் நினைவிருந்தது. வாய் மட்டும் ஓம் போட்டிருந்தது.

"ஒண்டாவது," என்றான் றஸாக்.

களுவாஞ்சிக்குடியில் ஆட்கள் ஏறினார்கள். யாருடையதோ பை றஸாக்கின் தோளில் இடித்தது. அவன் அசையவில்லை. கல்முனைக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. யன்னல் சீற் நூஹுவிடம்தான் இருந்தது, கதைக்கிற உரிமையும் அவருடையதுதான். அவருக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.